உதட்டையே பார்த்த மனிதர்

மலேசியாவின் மலாக்காவில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில், ஓய்வுபெறும்வரை விபத்துக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் வேலை பார்த்தவர் கேத்லீன். கழுத்துப் பட்டையோடு நொண்டிக்கொண்டு வந்து, வாசலைத் தாண்டியதும் பட்டையைக் கழற்றிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போகிறவர்களை ஜன்னல் வழியாகப் பார்த்தே பழகிய கண்கள் அவருடையவை. கணவர் ரெஜினால்ட் உயிரோடிருந்த காலத்தில், அவர் வீட்டுக்குத் தாமதமாக வந்தால் கார் டயரில் எந்த ஊர்ச் சேறு ஒட்டியிருக்கிறது என்றுதான் கேத்லீன் முதலில் பார்ப்பார்.

அப்படிப்பட்டவரை நாடகத்துக்கு இழுத்துவந்தது தர்மினி. இடைநிலைப்பள்ளி ஆசிரியையான அவள், இருநூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கிலக் காதல் நாவல் ஒன்றைத் தமிழில் நாடகமாக்கியிருந்தாள். மகள்களைப் பணக்கார மாப்பிள்ளைகளுக்குக் கட்டிவைக்கத் துடிக்கும் தாய் வேடம் கேத்லீனுக்கு. அவருடைய கணவராக நடித்தவர் திருச்செல்வம். யாழ்ப்பாணத் தமிழர், நில அளவை அலுவலகத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், மனைவியை இழந்தவர். இருவருக்கும் வீடு புக்கிட் காத்தில் வட்டாரத்தில்தான்.

தேவாலய மண்டபத்தில் ஒத்திகை தொடங்கிய முதல் வாரமே கேத்லீனுக்கு உறுத்தியது. திருச்செல்வம் கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை. உதட்டையே பார்த்தார். வசனம் பேசும்போது மட்டுமல்ல, தேநீர் குடிக்கும்போதும்கூட.

தங்கை செசிலியாவிடம் சொன்னார்.

“தனியா இருக்கற ஆம்பளை, அக்கா. உனக்கு வீடு இருக்கு, பென்ஷன் இருக்கு. பாத்து நடந்துக்க,” என்றாள் அவள்.

ஒத்திகை முடிந்து ஒருநாள் திருச்செல்வம் காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். “வேணாம், கிராப் டாக்சி கூப்பிட்டுட்டேன்,” என்றார் கேத்லீன். கூப்பிட்டிருக்கவில்லை.

அடுத்த ஒத்திகைக்குத் தர்மினி ஒரு பட்டு விசிறி கொடுத்தாள். அந்தக் காலச் சீமாட்டிகள் விசிறி இல்லாமல் இருக்கமாட்டார்களாம். கேத்லீனுக்கு நல்லதாகப் போயிற்று. திருச்செல்வம் பார்க்கத் தொடங்கியதும் விசிறியை வாய்வரை உயர்த்திக்கொண்டார்.

அன்றிலிருந்து திருச்செல்வத்திடமிருந்து பதில் வசனம் வரவில்லை. கேத்லீன் பேசி முடித்த பிறகும் திருச்செல்வம் சும்மா நின்றார். இளம் நடிகர்கள் சிரித்தார்கள். வேண்டுமென்றே தன்னை அவமானப்படுத்துகிறார், பார்க்க விடாததற்குப் பழிவாங்குகிறார் என்று கேத்லீன் கொதித்தார். ஆனால் மகள்களாக நடித்தவர்கள் முதுகைக் காட்டிப் பேசியபோதும் அவர் அப்படியே நிற்பதைக் கண்டதும், பழைய வேலைப் புத்தி விழித்துக்கொண்டது.

இடைவேளையில் அவருக்குப் பின்னால் போய் நின்று, சாதாரணக் குரலில் சொன்னார்: “உங்க கார யாரோ இடிச்சிட்டாங்க.”

தினமும் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கும் கார். திருச்செல்வம் அசையவில்லை, பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏதோ தோன்றித் திரும்பியவர், கேத்லீனின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

“என்னைச் சோதிச்சனீங்களோ?” என்றார். கோப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த ஒத்திகைக்கு வரவில்லை.

மறுநாள் காலை கேத்லீன் அவர் வீட்டு இரும்புக் கதவருகே போய் நின்றார். மணியை அழுத்திப் பயனில்லை என்று, அவர் செடிக்குத் தண்ணீர் விட வெளியே வரும்வரை காத்திருந்தார்.

“தர்மினியிட்ட சொல்லிப்போட்டீங்கள்தானே?” என்றார் திருச்செல்வம் முதல் வார்த்தையாக.

“இல்ல.”

“நம்ப ஏலாது.”

“நானும் உங்கள நம்பல. நீங்க என்னைக் கெட்ட எண்ணத்தோட பாக்கறீங்கன்னு நெனச்சேன்,” என்றார் கேத்லீன், அவர் முகத்துக்கு நேராக நின்று, ஒவ்வொரு சொல்லாக. “தப்பா நெனச்சிட்டேன். அப்படிச் சோதிச்சதும் தப்பு.”

திருச்செல்வத்தின் முகம் சிவந்தது. அவர் அப்படியொரு சந்தேகத்தைக் கனவிலும் நினைத்திருக்கவில்லை.

“காதுக்கு மிஷின் இருக்கு,” என்றார் கடைசியில். “போட்டால் அந்த ஹாலில பேன் சத்தந்தான் கேக்குது. சொன்னால் என்னை நாடகத்திலயிருந்து எடுத்துப்போடுவினம்.”

“நீங்களே சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கறேன்.”

அன்று மாலை இருவரும் சேர்ந்து வந்ததைக் கண்டதும் தர்மினியின் புருவம் உயர்ந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “அங்கிள், உங்களுக்கு ஞாபக மறதி வந்திருச்சின்னு பயந்துட்டேன்! உங்களுக்குப் பதிலா வேற ஆள்கிட்டகூட பேசி வெச்சிட்டேன்.” பிறகு எல்லோரையும் கூப்பிட்டு, அவருக்கு முதுகைக் காட்டி யாரும் பேசாதபடி நிற்கும் இடங்களை மாற்றினாள். விசிறியைக் கேத்லீன் மடித்தே வைத்துக்கொண்டார்.

நாடகத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. தொலைவிலுள்ள சுங்கை ரம்பாயிலிருந்துகூட ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். தாயின் புலம்பலுக்குத் தந்தை நிதானமாகத் திருப்பிக் கொடுத்த ஒவ்வொரு பதிலுக்கும் சிரிப்பு எழுந்தது. திருச்செல்வத்துக்கு அது கேட்கவில்லை. முன்வரிசையில் வாய்கள் திறப்பதைப் பார்த்துக்கொண்டார்.

முடிந்ததும் கேத்லீன் அவருடைய காரில் ஏறினார். ஓட்டும்போது திருச்செல்வம் சாலையைத்தான் பார்க்க வேண்டும். அதனால் சிவப்பு விளக்கு விழும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசிக்கொண்டார்கள். புக்கிட் காத்திலுக்குத் திரும்பும் இடத்தில் பச்சை விழுந்து, பின்னால் லாரி ஹாரன் அடித்தது. அவர் இன்னும் கேத்லீனின் பதிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போங்க, போங்க! பச்சை!” என்று கேத்லீன் கையை நீட்டிக் காட்டினார்.