கலர் மாஸ்டரின் விமானம்

எண்பதுகளில் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றுக்கு நான் லாக்கர் என்கிற மெருகுப்பூச்சு விற்கப் போவேன். தோலுக்கு நிறம் அடிக்கும் அறை அங்கிருந்த கலர் மாஸ்டரின் ராஜ்ஜியம். ஆறடி ஆள். ஆட்களை அதட்டினால் கேட் வரை கேட்கும். எந்த நிறத்தையும் இடது கட்டைவிரல் நகத்தில் தடவிப் பார்த்த பிறகுதான் தலையாட்டுவார்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொல்லாமல் உள்ளே நுழைந்துவிட்டேன். மேசையில் இருந்த எதையோ அவசரமாகத் தோல் துண்டால் மூடினார். துண்டு சரிந்தது. உள்ளே கையளவு பிளாஸ்டிக் போர் விமானம். தோல் வாங்க வந்த வெள்ளைக்காரர் பரிசாகக் கொடுத்த பெட்டியிலிருந்து, பாகம் பாகமாக ஒட்டிச் செய்தது. தோலுக்கு அடிக்கும் லாக்கரையே அதற்கும் அடித்ததில் ஓர் இறக்கை இளகித் தொங்கியது.

"இன்னா மாஸ்டர், லாக்கர் பிளாஸ்டிக்கைத் தின்னுடுமே?"

அவர் முகம் செத்துப்போயிற்று. "எம் பையன் வேலை சார். சொன்னா கேக்கமாட்டான்."

அவருடைய கட்டைவிரல் நகத்தில் விமானத்தின் பச்சை காய்ந்திருந்தது. அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று வெளியே வாட்ச்மேன் சொன்னார்.

அடுத்த முறை ஒரு சின்ன டப்பா எனாமல் பெயிண்ட் கொண்டுபோனேன். "பையன்கிட்ட குடுங்க. இது பிளாஸ்டிக்கை ஒண்ணும் பண்ணாது."

நிமிராமல் வாங்கிக்கொண்டார். வாய் சும்மா இருக்காமல், "ஒருநாள் கூட்டிட்டு வாங்களேன், பாக்கலாம்" என்றேன்.

"கூச்சம் ஜாஸ்தி சார் அவனுக்கு. ஆள் வந்தா ஒளிஞ்சிக்குவான்."

அதன்பிறகு அந்த அறை வாசலில் நின்று, நன்றாக இருமிவிட்டுத்தான் உள்ளே போவேன்.