ஒரு நிமிஷத்தில் எத்தனை மிருகம்?

ஆளை எதிரே உட்கார வைத்து, கையில் ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு, "ஒரு நிமிஷத்தில் உங்களுக்குத் தெரிந்த மிருகங்களின் பெயரையெல்லாம் சொல்லுங்கள்" என்று கேட்டுச் சம்பளம் வாங்குவது என் தொழில்.

தாம்பரம் மேற்கில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் எங்கள் கிளினிக். ஞாபக மறதி, பக்கவாதம் என்று வருகிறவர்களை நரம்பு டாக்டர் பார்த்துவிட்டு என் அறைக்கு அனுப்புவார். சொல் எவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது என்பதை வைத்து மூளை எங்கே சோர்ந்திருக்கிறது என்று ஓரளவு ஊகிக்கலாம். மற்ற சோதனைகளும் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்து நான் எழுதித் தரும் தாளைப் பார்த்துத்தான், ஒருவர் வண்டி ஓட்டலாமா, வேலைக்குப் போகலாமா என்று டாக்டர் முடிவு செய்கிறார். அப்பாவையோ அம்மாவையோ இப்படி ஓர் அறைக்குள் அனுப்பிவிட்டு வெளியே காத்திருந்தவர்களுக்கு அந்தத் தாளின் கனம் தெரியும். ஒரு தடவை அதை நான் தப்பாக எழுதினேன். அதைச் சொல்லத்தான் வந்தேன். எடுத்த எடுப்பில் சொல்லத் தைரியம் வராததால், வேறு இரண்டு பேரைப் பற்றி முதலில் சொல்லிக்கொள்கிறேன்.

சுருக்கெழுத்துக்காரர்

சேலையூரிலிருந்து ஒருவர் வந்தார். கோர்ட்டில் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நிமிஷத்துக்கு நூற்றைம்பது வார்த்தை எழுதிய கை. 'ப' என்ற எழுத்தில் ஆரம்பிக்கும் சொற்களைச் சொல்லச் சொன்னேன். பல், பழம், பணம் என்று மூன்று வந்தது. பிறகு மேஜையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

அந்த ஒரு நிமிஷம் நான் வாயே திறக்கக் கூடாது. பசியோடு வந்தவருக்கு இலையைப் போட்டுவிட்டுச் சோறு போடாமல் நிற்பது போல இருக்கும். அவர் முகத்தைப் பார்க்க மாட்டாமல், எழுதிய மூன்று சொல்லின் மேலேயே பேனாவை ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கவனித்துவிட்டார்.

"நீங்க நிதானமாவே எழுதலாம்மா. நான் ஒண்ணும் அவ்வளவு வேகமா சொல்லலையே" என்றார்.

பின்னால் போட்ட நாற்காலி

கூட வருகிறவர்களால் சும்மா இருக்க முடியாது. எடுத்துக் கொடுப்பார்கள், உதட்டை அசைப்பார்கள், கையால் தும்பிக்கை காட்டுவார்கள். அதனால் அவர்களுக்கு நோயாளியின் முதுகுக்குப் பின்னால்தான் நாற்காலி. பள்ளிக்கரணையில் ஆட்டோ ஓட்டியவர் ஒருவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி, "நாயின்னு சொல்லுய்யா. தெனம் பிஸ்கட் போடுவியே, வூட்டு வாசல்லியே படுத்துகினு கீதே" என்று அவர் முதுகில் குத்தினார். வேறு வழியில்லாமல் அந்தம்மாவை வெளியே அனுப்பினேன்.

நிமிஷம் முடிந்தது. மாடு என்று ஒரே ஒரு சொல் வந்திருந்தது. அதற்கே அவருக்கு வியர்த்துவிட்டது. கதவைத் திறந்து, ஒரு மிருகம் சொல்லியிருக்கிறார், பயிற்சி கொடுத்தால் இன்னும் வரலாம் என்று மனைவியிடம் சொன்னேன். அந்தம்மா வாசலை மறித்து நின்றுகொண்டார்.

"மிருகத்த வெச்சுகினு நான் இன்னா பண்றது மேடம்? என் பேரைக் கேட்டுப் பாருங்க. அத்த சொன்னா போதும் எனக்கு."

பாயின் பத்தொன்பது

குரோம்பேட்டையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றும் பட்டறை வைத்திருந்தார் ஒரு பாய். வயது அறுபத்திரண்டு. மறதி என்று வந்தார். கம்பியை இழுத்து இழுத்து விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிருந்தது. முதல் தடவை ஆடு, மாடு, கோழி என்று ஆரம்பித்து, மறுபடி ஆட்டுக்கே வந்து, எட்டோடு நின்றுவிட்டார். கரண்ட் வேலை ஆபத்து, ஆறு மாதம் பட்டறைப் பக்கம் போக வேண்டாம் என்றார் டாக்டர். பாயின் முகம் செத்துவிட்டது. மகள் நஸ்ரீன், கல்லூரி முடித்த பெண், "வீட்ல சும்மா உட்கார்ந்தா அத்தா தாங்க மாட்டார் மேடம்" என்று என்னிடம் தனியாகச் சொன்னாள்.

ஆறு மாதம் கழித்து வந்தபோது சிங்கம், புலி, வெள்ளைப்புலி, நீர்யானை, கரடி என்று மளமளவென்று பத்தொன்பது சொன்னார். இந்தத் தொழிலில் எண் ஏறி நான் பார்த்ததே குறைவு. இரண்டாம் முறை வருகிறவரிடம் மிருகத்தை விட்டுக் காய்கறியோ வேறெதுவோ கேட்க வேண்டும் என்பது முறை. அன்று வெளியே பதினோரு பேர் காத்திருந்த அவசரத்தில் பழைய கேள்வியையே கேட்டிருந்தேன். மற்ற சோதனைகளில் அவர் சுமார்தான். அது பதற்றமாக இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டேன். டாக்டர் வேலைக்குப் போகலாம் என்றார். பாய் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில பட்டறையைத் தொறந்துடுவேன் மேடம். ரெண்டு மோட்டார் எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கு."

ஆடு இல்லாத பட்டியல்

வேலைக்குப் போன ஐந்தாவது வாரம் பாய் வலது கையில் பெரிய கட்டோடு வந்தார். மோட்டாருக்குக் கரண்ட் லைன் கொடுத்திருக்கிறார். கொடுத்ததை மறந்து ஒயரைப் பிடித்திருக்கிறார். உயிர் தப்பியது, இரண்டு விரல் போயிற்று. இந்த முறை காய்கறி கேட்டேன். கத்திரிக்காய், தக்காளி, கத்திரிக்காய். அவ்வளவுதான்.

பழைய தாளை எடுத்து நிதானமாகப் படித்தேன். பத்தொன்பதும் வண்டலூர் மிருகக்காட்சி சாலையில் இருப்பவை. ஆடு இல்லை, மாடு இல்லை, நாய் பூனைகூட இல்லை. தாம்பரத்திலேயே பிறந்து வளர்ந்து, வண்டலூருக்கு எத்தனையோ முறை போய் வந்தவள் நான். என் கையெழுத்தில் இருந்ததை நானே படிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

நஸ்ரீனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் மறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அத்தாவை வண்டலூருக்குக் கூட்டிப்போய், கூண்டு கூண்டாக நிறுத்தி, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறாள். திட்டுவதற்கு வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"வேலைக்கு விடணும்னுதான் சொல்லிக் கொடுத்தேன் மேடம். நீங்க கண்டுபிடிச்சிடுவீங்கன்னு பயந்துக்கிட்டே பின்னால உட்கார்ந்திருந்தேன். நீங்க கண்டுபிடிச்சிருக்கலாமே."

ஞாயிற்றுக்கிழமை

டாக்டரிடம் போய் என் தவறைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பட்டறை வேண்டாம் என்று மறுபடி எழுதினார், இந்த முறை எத்தனை மாதம் என்று போடாமல். பிறகு பாயிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. கையில் எப்படி அடிபட்டது என்பதே அவருக்குச் சரியாக ஞாபகமில்லை.

நஸ்ரீன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். பாய் கதவை ஒரு முறை பார்த்துவிட்டு, என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமையானா புள்ள என் கையைப் புடிச்சு மிருகம் பார்க்கக் கூட்டிட்டுப் போகும் மேடம். இப்பல்லாம் போறதில்ல. நான் ஏதோ தப்பா சொல்லிட்டேன் போலிருக்கு."

இப்போதெல்லாம் யாராவது மளமளவென்று சொன்னால் சந்தோஷப்படுவதை விட்டுவிட்டுச் சந்தேகப்படுகிறேன். பதினாறு வருஷ அனுபவம் என்று என் பெயர்ப்பலகையில் போட்டிருப்பது இதைத்தான்.