கேட்காமல் எழுதிய கடிதம்

1938 சித்திரையில் செல்லபாய் இலங்கைக்குக் கப்பலேறினாள். திருவனந்தபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆறு வருஷமாக டீச்சர், வயது இருபத்தெட்டு. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கூலிக்காரர் பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் சம்பளமில்லாமல் பாடம் சொல்லித்தர ஆள் வேண்டும் என்று தேவாலயச் சபையில் கேட்டபோது முதலில் எழுந்து நின்றவள் அவள்தான். அண்ணன் வேதமாணிக்கம், ஹஜூர் கச்சேரி என்ற சர்க்கார் தலைமை அலுவலகத்தில் குமாஸ்தா, ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு தனுஷ்கோடி வரை வந்து வழியனுப்பினான்.

தோட்டத்தில் லயம் என்று சொல்லும் வரிசை வீடுகள். ஒரே அறையில் எட்டுப் பேர். படப்புத்தகத்தில் மாம்பழத்தைக் கண்ட ஒரு பிள்ளை, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அந்தப் பக்கத்தை நக்கிப் பார்த்தது. இசக்கியம்மாள் என்ற ஏழு வயதுப் பெண் கைக்குழந்தைத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே வருவாள், எழுதும்போதே தூங்கிவிழுவாள். அவள் அம்மா பொன்னம்மை செங்கோட்டைப் பக்கத்துக்காரி, புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள். பறித்த கொழுந்து குறைந்த நாளில், கூலிகளை மேய்க்கும் கங்காணி அவளுக்கு அரைக்கூலிதான் போடுவான்.

ஆடி மழையில் அந்தக் கைக்குழந்தை இறந்தது. பாலில்லை, மருந்துமில்லை. செல்லபாய் அன்றே தோட்டத்துத் துரைக்கு அரைக்கூலியைப் பற்றி இங்கிலீஷில் கடிதம் எழுதினாள். கங்காணியின் பெயரையும் பொன்னம்மையின் பெயரையும் அதில் குறிப்பிட்டாள். துரை கடிதத்தைக் கங்காணியிடம் காட்டினார். நான்காம் நாள் பொன்னம்மையை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். செல்லபாய் பாடம் முடித்துப் போவதற்குள் தாயும் மகளும் ஊருக்கு ரயிலேறிவிட்டார்கள்.

வருஷம் முடிந்து திரும்பியபோது சபையில் மாலை போட்டார்கள். அவள் மலையைச் சொன்னாள், மழையைச் சொன்னாள், மாம்பழப் படத்தைச் சொன்னாள். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கடிதத்தைச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு எங்கும் இருப்புக் கொள்ளவில்லை. பாடத்தின் நடுவில் ஜன்னலுக்குப் போய் நிற்பாள். சாப்பிட உட்கார்ந்து பாதியில் எழுந்துவிடுவாள். சாலைக் கடைத்தெருவில் மூட்டையிலிருந்து சிந்திய அரிசியைப் பொறுக்கும் பிள்ளைகளைப் பார்த்து நின்றாள். ஆறு வருஷமாக அதே தெருவில்தான் நடந்திருந்தாள். அவர்கள் அப்போதும் இருந்திருப்பார்கள்.

ஒருநாள் வேதமாணிக்கம் விடாமல் கேட்டதில் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நல்லதுக்குத்தானே எழுதினாய்?" என்றான்.

"அவளிடம் கேட்காமல் எழுதினேன், அண்ணா."

அந்தச் சனிக்கிழமையே கொல்லம் போய் அங்கிருந்து செங்கோட்டை ரயிலில் ஏறினாள். இரண்டு தடவை வெறுங்கையோடு திரும்பினாள். மூன்றாவது தடவை ஒரு பண்ணையார் களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்த பொன்னம்மையைக் கண்டாள். இசக்கியம்மாள் யார் வீட்டிலோ மாடு மேய்த்தாள். செல்லபாய் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். பொன்னம்மை முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"அங்க அரைக்கூலியாவது இருந்திச்சு, டீச்சரம்மா. என்னைத் திரும்பச் சேத்துக்கிடச் சொல்லி ஒரு கடுதாசி எழுதுங்க."

செல்லபாய் களத்திலேயே உட்கார்ந்து துரைக்கு எழுதினாள். தான் முன்பு எழுதியது பிழை என்றும், பொன்னம்மைக்கு அதில் பங்கில்லை என்றும் எழுதிக் கையெழுத்திட்டாள். அந்த முதல் கடிதத்தில் எழுதியிருந்தது ஒன்றும் பொய்யில்லை. பதில் வரவில்லை. ஆகஸ்டில், கூலிகள் இலங்கைக்குப் போவதையே சர்க்கார் தடுத்துவிட்டது.

அதைச் சொல்ல மறுபடி போனாள். தன் பள்ளி விடுதியில் சமையலுக்கு ஆள் தேடுகிறார்கள், இசக்கியம்மாளும் அங்கேயே படிக்கலாம் என்றாள்.

"கேக்கீங்களா, சொல்லுதீங்களா?"

"கேட்கிறேன்."

பொன்னம்மை வெகுநேரம் தூற்றினாள். தை அறுப்பு முடியட்டும், பார்க்கலாம் என்றாள்.

அந்த ஐந்து மாதமும் செல்லபாய் தபால்காரன் வரும் நேரத்துக்கு வாசலுக்கும் உள்ளுக்குமாக அலைந்தாள். கடிதம் ஏதும் வரவில்லை. மாசி பிறந்து ஒரு திங்கட்கிழமை, தலையில் ஒரு மூட்டையும் கையில் மகளுமாகப் பொன்னம்மை விடுதிக் கேட்டில் வந்து நின்றாள். அடுக்களை எங்கே என்று மட்டும் கேட்டாள்.

ஒன்றாம் வகுப்பில் எல்லோரையும்விட உயரமாக இருந்த இசக்கியம்மாள் இரண்டு நாள் எழுந்து ஓடிவிட்டாள். மூன்றாம் நாள் உட்கார்ந்தாள். பிறகு ஏழாம் வகுப்பு வரை படித்து, ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கற்கப் போனாள். பொன்னம்மை ஒன்பது வருஷம் அங்கே சமைத்தாள். செல்லபாயிடம் உப்பு, அரிசி, விறகு பற்றிப் பேசுவாள். இறந்த குழந்தையைப் பற்றி இருவரும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.