மூன்றாவது காம்பரா

பதுளை ரயில் நிலையச் சுவரில் எங்கள் ஊர்க் கதையை வரைய நாலைந்து பேர் சேர்ந்திருந்தோம். என் பங்குக்கு வந்தது தேயிலைத் தோட்டத்து லயம், தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடு. குடும்பத்துக்கு ஓர் அறையாக ஆறு காம்பராக்களையும் அவற்றின் ஆறு பச்சைக் கதவுகளையும், பக்கத்தில் ஒரு மாரியம்மன் கோயிலையும் வரைந்திருந்தேன்.

வாரம் ஒருமுறை கிளினிக்குக்கு வந்து திரும்பும் ஓர் அம்மா, ரயில் வரும்வரை என் படத்தின் முன்னால் நிற்பார். கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்திய தடம் அவர் உச்சந்தலையில் முடியை வகிர்ந்திருந்தது. சுவருக்குக் கிட்டே வருமுன் செருப்பைக் கழற்றிவிடுவார். கோயிலுக்காக என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் கேட்டார்: "எல்லாக் கதவையும் சாத்தி வச்சிருக்கீங்களே தம்பி?"

"பச்சை நல்லா எடுப்பா தெரியும்னுதாம்மா."

"மூணாவது காம்பராவ மட்டும் தெறந்து விடுறீங்களா? எங்களோடதும் மூணாவதுதான். மண்ணு சரிஞ்ச அன்னிக்கு, புள்ளைங்க தூங்குதுங்க, குளிரும்னு நான்தான் சாத்திட்டு, வேலைக்குப் பெரட்டுல பேர் குடுக்கப் போனேன்."



அடுத்த வாரத்துக்குள் அந்தக் கதவைத் திறந்து, உள்ளே கொஞ்சம் மஞ்சள் வெளிச்சமும் தீட்டினேன். ஒரு கதவு மட்டும் ஒட்டவில்லை என்றார்கள் கூட வரைந்தவர்கள். உங்கள் வேலையைப் பாருங்கள் என்றுவிட்டேன்.

அவர் வந்தார். கோயில் பக்கம் திரும்பவேயில்லை. கழற்றிய செருப்பை மூன்றாவது கதவுக்கு நேர்கீழே ஜோடியாக வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

அவருடைய ரயில் ஊதியது. எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.