எண்ணே இல்லாத கணக்கு

கணக்கு டீச்சரை அவன் முதன்முதலில் பார்க்கப் போனது சண்டை போடத்தான். மகளின் வீட்டுப்பாடத் தாளை மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, அலுவலகத்தில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

'கூடையில் சில பழங்கள் இருந்தன. அம்மா இன்னும் சில பழங்களைப் போட்டார்.' தாளில் அவ்வளவுதான் இருந்தது. எத்தனை பழம், எத்தனை போட்டார், ஒன்றும் கிடையாது. கீழே படம் வரைய ஒரு கட்டம். மகள் படிப்பது இரண்டாம் வகுப்பு. ஆண்டிறுதித் தேர்வில் கணக்கில் தவறினால் இன்னொரு வருடமும் அதே வகுப்புதான் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். கணக்கு வகுப்பு இருக்கிற நாளில் பல் துலக்கும்போதே "வயிறு வலிக்குதுப்பா" என்று ஆரம்பித்துவிடுவாள். இந்த லட்சணத்தில் எண்ணே இல்லாமல் ஒரு கணக்கு!

டீச்சருக்கு முப்பது வயதுகூட இருக்காது. விரலெல்லாம் ஸ்கெட்ச் பேனா மை.

"என்னங்க டீச்சர் இது, நம்பர் போட மறந்துட்டீங்களா?"

"மறக்கல சார். இருந்ததை நான்தான் எடுத்துட்டேன். உக்காருங்க."

உட்காரக் கிடைத்தது குழந்தைகளின் நாற்காலி. முழங்கால் முகவாயை இடித்தது. அப்படி உட்கார்ந்துகொண்டு கோபப்படுவது லேசில்லை. ஆனாலும் விடவில்லை.

"நானும் தினம் சொல்லித்தான் தரேன் டீச்சர். 'மொத்தம்'னு வந்தா கூட்டு, 'மிச்சம்'னு வந்தா கழி, 'அதிகம்'னா கூட்டு. எங்க குடும்பத்துல காலேஜ் வாசல மிதிச்ச முதல் ஆளு நான். இப்படிப் படிச்சுத்தான் மேல வந்தேன்."

டீச்சர் எழுந்து வாசலுக்குப் போனார். வெளியே விளையாடிக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டார்.

"அக்காகிட்ட எட்டு பென்சில் இருக்கு. அது தம்பிகிட்ட இருக்கறதைவிட மூணு அதிகம். தம்பிகிட்ட எத்தனை இருக்கும் கண்ணு?"

மகள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "அதிகம்னா... கூட்டணும். பதினொண்ணு."

"சரி, அந்த நம்பரையெல்லாம் மறந்துடு. யார்கிட்ட நிறைய பென்சில் இருக்கு?"

"அக்காகிட்ட."

"தம்பிகிட்ட?"

"கம்மியாத்தான் இருக்கும்." சொன்னவள் ஒரு கணம் நின்று, "ஐயே! பதினொண்ணுன்னா தம்பி பெரிய ஆளாயிடுவான்!" என்று சிரித்தாள். கணக்கைப் பார்த்து மகள் சிரித்ததை அவன் அன்றுதான் கண்டான்.

அவள் ஓடிய பிறகு டீச்சர் சொன்னார். "பாப்பாவுக்குக் கணக்கு வரும் சார். நம்பரைப் பாத்ததும் பயந்து எதையாவது செஞ்சுடறா, அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் பைக் மெக்கானிக். புதுசா வேலைக்கு வர்றவங்க வண்டி உள்ள வந்ததும் ஸ்பேனரத் தூக்குவாங்களாம். 'முதல்ல என்ன சத்தம் வருதுன்னு கேளுங்கப்பா'ம்பாரு. நீங்களும் வீட்ல நம்பரை விரலால மறைச்சுட்டு, என்ன நடந்துச்சுன்னு கதையாச் சொல்லச் சொல்லுங்க. ஆனா அவ சொல்லி முடிக்கற வரைக்கும் சரி, தப்புன்னு நீங்க வாயே திறக்கக் கூடாது."

சொல்வது சுலபம். மகள் தப்பான பக்கம் திரும்பும்போதெல்லாம் அவனுக்கு நாக்கு நமநமவென்று அரித்தது. எழுந்து ஜன்னலுக்குப் போவான், மின்விசிறியின் வேகத்தைக் கூட்டுவான், குறைப்பான். "உங்கப்பா வாயைப் பூட்டி, சாவிய டீச்சர்கிட்ட குடுத்துட்டு வந்துட்டார்டி" என்று மனைவி அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள். சில நாள் பொறுக்காமல் விடையை உளறியும் விட்டான். மகளே அதட்டினாள்: "நான் இன்னும் கதையே முடிக்கலப்பா!"

பள்ளியில் டீச்சர் தன் சாப்பாட்டு நேரத்தை இவளுக்கும் இன்னும் நாலைந்து பிள்ளைகளுக்கும் கொடுத்தார். வீட்டில் அவருக்கே கைக்குழந்தை. ஆனாலும் இந்தப் பாடத்துக்குக் கூலி கேட்டதில்லை. ஒரு கையில் ஸ்பூன், இன்னொரு கையில் பாட்டில் மூடிகள். ஒவ்வொரு மூடியும் ஒரு ஆள், ஒரு பந்து, ஒரு பூனை. மூடிகளை நகர்த்திக் கதை சொல்லி முடித்த பிறகுதான் பென்சில் கைக்கு வரும். வயிற்றுவலி எந்த நாளில் நின்றது என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

தேர்வு நாளில் பள்ளி வாசலில் நின்றான். எத்தனை சரி என்று கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டு, "என்ன கதைம்மா வந்துச்சு?" என்றான்.

"ஒரு பஸ்ஸுல ஆளுங்க இருந்தாங்கப்பா. ஏழு பேர் இறங்கிட்டாங்க. மிச்சம் அஞ்சு பேர் இருக்காங்க. முன்னாடி எத்தனை பேர்னு கேட்டிருந்தாங்க. 'மிச்சம்'னு இருந்துச்சு, ஆனா நான் கழிக்கல."

"ஏன்?"

"இறங்கினவங்க எல்லாரையும் திரும்ப ஏத்திட்டேன். பன்னெண்டு!"

அவளை அப்படியே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். பட்டம் வாங்கிய அன்று ஊரே கூடிக் கைதட்டியபோதுகூட அவன் இவ்வளவு பூரித்ததில்லை.

மகள் தேறினாள். முதல் மதிப்பெண் எல்லாம் இல்லை. பன்னிரண்டு பேருக்கும் தலைமுடி வரைந்ததில் நேரம் போய், கடைசிக் கேள்வி எழுதாமல் நின்றுவிட்டது. நன்றி சொல்லப் போனவனிடம் டீச்சர், "எனக்கெதுக்கு சார்? போட்டது அவதானே" என்று சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குக் கிளம்பிவிட்டார். வகுப்பறைப் படியிறங்கும்போது அவன் நினைத்துக்கொண்டான். தான் படித்த படிப்பு தனக்கு வேலை வாங்கித் தந்தது. இந்தப் பெண்மணி தன் மகளுக்குப் பயமில்லாத காலைகளை வாங்கித் தந்திருக்கிறார். அந்தக் கடன் தீருகிற கடன் இல்லை.

மகள் இப்போது ஐந்தாம் வகுப்பில் இருக்கிறாள். டீச்சர் அதே பள்ளியில் இன்றும் இரண்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறார். குடியிருப்பது கணவரின் பட்டறைக்கு மேல்மாடியில். அவருடைய கைக்குழந்தை வளர்ந்து இந்த வருடம் பள்ளியில் சேர்ந்திருக்கிறது.