அரிக்கிற கிழங்கு

ஹட்டன் கடைத்தெருவில் சாக்கின் மேல் குவிந்து கிடக்கும் கருணைக்கிழங்கைக் கண்டால் இன்றும் என் கால் நின்றுவிடும். மண் உதிரும் கரிய தோல், கோணல்மாணல் உடம்பு, அழகென்று சொல்ல ஒன்றும் இல்லை. பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் தோளை இடித்துக்கொண்டு போவார்கள். நான் பார்த்தபடி நிற்பேன். நான் வாழ்க்கைப்பட்ட தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், அதற்கு அந்தப் பேர் கிடையாது. லிந்துலையிலிருந்து நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு மருமகளாக வந்த முதல் வாரம், கடைக்குப் புறப்பட்டவளை மாமியார் பீலியடியில் மறித்தார். தண்ணீர் விழுகிற சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்காது என்றுதான் அந்த இடம். "இந்தா புள்ள, அந்தக் கெழங்கு பேர இங்க சொல்லிறாத. அரிக்கிற கெழங்குன்னு கேளு. கடை நானாவுக்குத் தெரியும்."

காரணம் துண்டுதுண்டாகத் தெரிந்தது. என் கணவரின் அண்ணன் மனைவி, நான் அக்கா என்று அழைத்தவர், தன் ஒரே மகளை மூன்று வயதில் காய்ச்சலுக்குக் கொடுத்திருந்தார். கருணாவதி. கூப்பிடுவது கருணா. அந்தப் பேர் காதில் விழுந்தால் அக்கா தாங்கமாட்டார் என்று லயமே நினைத்தது. பாசம்தான். அத்தனை வீடுகளும் சேர்ந்து ஒரு சொல்லைப் புதைத்துவிட்டு அதன்மேல் மெல்ல நடந்துகொண்டிருந்தன. முஸ்லிம் கடைக்காரரான நானாகூடச் சிரிக்காமல், அரிக்கிறதா என்று கேட்டே நிறுப்பார். அக்கா கொழுந்துக்குப் போவார், கூடை நிறையும், வீடு வந்து சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவார். உடம்பு கரைந்துகொண்டே வந்தது. ஒருநாள் பக்கத்து நிரையில் பறித்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்க்காமலே சொன்னார். "நீ அவளப் பாத்ததில்ல, ஒங்கிட்டச் சொல்லலாம். அவ பேர யாரும் சொல்லிக் கேட்டு எம்புட்டோ நாளாச்சு. அப்புடி ஒருத்தி இருந்தாளான்னு எனக்கே சந்தேகமா வருது." சொல்லிவிட ஆசைதான். நானோ புதுப்பெண். மாமியார் பேச்சு என் நாக்கின் மேல் உட்கார்ந்திருந்தது.

அந்தச் சீசனில் பெரிய மருமகள் தேறவேண்டும் என்று மாமியாரே நேர்ந்துகொண்டு எங்களைச் சிவனொளிபாத மலைக்குக் கூட்டிப்போனார். எங்களுக்கு அது சிவன் பாதம், சிங்களவருக்குப் புத்தர் பாதம், கூட வந்த கடை நானாவுக்குப் பாவா ஆதம் கால் வைத்த இடம். யார் காலாக இருந்தால் என்ன, ஏறப்போவது நம் கால் என்றார் மாமியார். "வலிக்கப்போறதும் அதுதாங்கம்மா" என்றார் நானா. இருட்டில் மாமியாருக்குக் கால் தட்டும் என்று விடிந்த பிறகே ஏறத் தொடங்கினோம். சூரியன் எழுவதைப் பார்த்துவிட்டு வெள்ளை உடுத்திய சிங்களக் கூட்டங்கள் இறங்கி வந்துகொண்டிருந்தன. எதிர்ப்படுகிறவர்களை அவர்கள் ஊர் பேர் கேட்பதில்லை. கருணை உண்டாகட்டும் என்று சிங்களத்தில் வாழ்த்திப் போவார்கள். மாமியார் பல தடவை காதில் வாங்கிய வாழ்த்துதான், பேத்தி பேரோடு சேர்த்து நினைத்ததில்லை. அக்காவும் கல்யாணமான புதிதில் கேட்டிருக்கிறார். அப்போது அவர் மகள் பிறக்கவில்லை.

முதல் வளைவிலேயே வந்தது. "கருணாவயி." பின்னால் வந்த சிறுவர்கள் அதை நீட்டிப் பாடினார்கள். ஓரெழுத்துதான் வித்தியாசம். மாமியார் சத்தமாக அரோகரா போடச் சொல்லி மகன்களை அதட்டினார். விஷயம் புரிந்த நானாவும் தம் இறைவனை உரக்கத் துதித்தார். பனிக்குள்ளிருந்து அடுத்த கூட்டமும் அதையே சொல்லிக்கொண்டு இறங்கியது.

அக்கா படியில் உட்கார்ந்துவிட்டார். தாங்கப்போன என் கையை விலக்கிவிட்டு, தடியூன்றி வந்த ஒரு சிங்கள அம்மாவின் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டார். "ஆயெத் கியன்ன அம்மே." இன்னொரு தரம் சொல்லச் சொல்லித்தான் கேட்டார். அந்த அம்மாவுக்கு எங்கள் கதை எதுவும் தெரியாது. களைத்துப்போன ஒருத்தி வாழ்த்துக் கேட்கிறாள் என்று நினைத்திருப்பார். குனிந்து அக்காவின் தலையில் கைவைத்து, "கருணாவயி, துவே" என்றார். மகளே என்று. அக்கா அழுதுகொண்டே மறுமொழி சொன்னார், தன் எழுத்தைச் சேர்த்து. "கருணாவதி." தமிழ் நாக்கு தடுக்கியது என்று அந்த அம்மா சிரித்துவிட்டுப் போனார்.

பிறகு எதிரே வந்த ஒரு கூட்டத்தையும் அக்கா விடவில்லை. அவர்கள் ஒன்று சொல்ல, அவர் ஒன்று சொல்ல, மலை முழுக்க ஒரு சின்னப்பெண் ஓடியாடிக்கொண்டிருந்தாள். உச்சிக்குச் சற்றுக் கீழே, மூச்சு வாங்க நின்ற மாமியாரின் வாயும் அந்தப் பேரை மெதுவாகச் சொன்னதை நான் கேட்டேன். பாதத்தைக் கும்பிட்டது எனக்கு மங்கலாகத்தான் நினைவிருக்கிறது.

திரும்பிய வாரத்தில் அக்காவே கடைக்கு வந்தார். "நானா, கருணைக்கெழங்கு ஒரு ராத்தல் போடுங்க." தராசு பிடித்த கை நின்றது. "அரிக்குமே தங்கச்சி" என்றார் நானா. "அரிக்கட்டும் நானா. தின்னுதானே ஆகணும்." அன்று இரண்டு கவளம் கூடவே சாப்பிட்டார்.

எனக்கு மகள் பிறந்தபோது அந்தப் பேரை வைக்கட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். அது அவளுடையது, உன் மகளுக்கு வேறு தேடு என்றுவிட்டார். பின்னாளில் இரு நாட்டு ஒப்பந்தம் வந்து அக்கா குடும்பம் இந்தியாவுக்குப் போயிற்று. புதைத்த மகள் தேயிலைக்குள்ளேயே இருந்துவிட்டாள். ஸ்டேஷனில் என் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா கேட்டது ஒன்றுதான். "இங்க அவளுக்கு நீதான். அப்பப்ப பேரச் சொல்லு." பெற்றவளுக்கு அந்தப் பேரைக் கூட்டம் கூட்டமாய்ச் சொல்லிக்கொடுத்துப் போன அந்த முகம் தெரியாதவர்களை, இனக்கலவரத்தில் நாடு நெருப்பாய் இருந்த நாட்களிலும் என்னால் மறக்க முடிந்ததில்லை.

நேற்றும் அந்தக் குவியல் முன்னால் நின்றேன். என்ன வேண்டும் என்று கேட்டான் கடைக்காரன். பேர் சொல்லிக் கேட்டேன். காதில் விழுந்துவிட்டது, நிறுக்கத் தொடங்கிவிட்டான். ஆனாலும் இன்னொரு தரம் சொன்னேன்.