உயிரோடிருக்கிறேன் என்று பூந்தமல்லியில் ஒரு கையெழுத்து

1990 நவம்பர், செவ்வாய்க்கிழமை. காலை 9.10, ஆவடி பஸ் நிலையம். உடன் வருபவர் எதிர்வீட்டு ரூத் அம்மா, வயது அறுபத்தொன்பது. ஜெர்மனியில் பிறந்த யூதர். நாஜிகளிடமிருந்து லண்டனுக்குத் தப்பிப்போய், அங்கே படிக்க வந்த ஆவடிக்காரரைக் கட்டிக்கொண்டவர். நாற்பது வருஷமாக இங்கேதான் வாசம். பட்ட கொடுமைக்கு ஜெர்மன் அரசு மாதாமாதம் நஷ்டஈடு அனுப்புகிறது. கணவர் போனபின் அந்தப் பணம்தான் சோறு. ஆனால் வருஷத்துக்கொருமுறை, 'இன்னார் உயிரோடிருக்கிறார்' என்று இங்கே ஓர் அதிகாரி எழுதித் தரவேண்டும். நல்ல வேடிக்கை! போன வருஷம் வரை அதைக் கணவரே கவனித்துக்கொண்டார்.

பூந்தமல்லிக்குப் பாரிவாக்கம் வழியாக ஒன்பது கிலோமீட்டர், டிக்கெட் ஒன்றேகால் ரூபாய். வெள்ளைக்காரம்மாவைப் பார்த்துக் கண்டக்டர் இங்கிலீஷில் தடுமாறினார். "சில்லற கீது நைனா, பேஜார் பண்ணாம டிக்கெட்ட குடு" என்றார் ரூத் அம்மா. பஸ்ஸே சிரித்தது. உட்கார இடம் கிடைக்காத எனக்குச் சிரிப்பு வரவில்லை.

11.40. அந்த அதிகாரியின் அலுவலகத்தில் ஒன்றரை மணிநேரம் காக்க வைத்து, "டைப் அடிச்சிக் கொண்டாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அதிகாரி ஒரு மணிக்குக் கிளம்புகிறார், நாளை முதல் லீவு. வாசலில் மெஷினோடு உட்கார்ந்திருந்த காதர் பாயிடம் ஓடினோம். பக்கத்துக்கு மூன்று ரூபாய். அவர் பழைய பாஸ்போர்ட்டைப் புரட்டினார். 'ரூத் சாரா' என்றிருந்தது. நம் வழக்கப்படி கூட நிற்பது அப்பா பெயர்தானே? 'எஸ். ரூத், தகப்பனார் சாரா' என்று தட்டிவிட்டார்.

தாளைப் பார்த்த ரூத் அம்மாவின் முகம் செத்துப்போனது.

"இன்னா பாய் இது?"

"உங்க நைனா பேரு இல்லியாம்மா?"

"அது ஹிட்லர் வச்ச பேரு. யூதப் பொம்பளைங்க எல்லாருக்கும் சாரான்னு சேத்து ஒட்டுனாங்க, பாத்ததும் தெரியணும்னு. எங்கப்பா பேரு மாக்ஸ். முகாம்ல கொன்னுட்டாங்க. சமாதி கூட கெடையாது."

மணி 12.20. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "அங்கே ஃபைல்ல இப்படித்தானேம்மா இருக்கும்? பேர் மாறி, பணம் நின்னுட்டா?"

"நிக்கட்டும்யா. பட்டினி கெடக்கறேன். அவன் வச்ச பேரோட நான் உசுரோட இருக்கேன்னு எழுத மாட்டேன்."

காதர் பாய் புதுத்தாளைச் சொருகினார். "வாப்பா பேர ஒவ்வொரு எழுத்தா சொல்லும்மா." அவர் சொல்லச் சொல்ல, இவர் தட்டினார். இரண்டு தாளுக்கும் சேர்த்து ஆறு ரூபாய் வாங்கிக்கொண்டார். தொழில் தொழில்தான்.

12.50. கையெழுத்து, முத்திரை. அன்றே தபாலில் சேர்த்தோம். பணம் நிற்கவில்லை என்பது ஜனவரியில்தான் தெரிந்தது.

திரும்பும் பஸ்ஸில் இருவருக்கும் இடம் கிடைத்தது. நகலை மடியில் விரித்து, 'எம். ரூத், தகப்பனார் மாக்ஸ்' என்ற வரியை விரலால் தடவிக்கொண்டே வந்தார். பருத்திப்பட்டு தாண்டியதும் அழுகை உடைந்தது.

"எங்கப்பா இன்னிக்குத்தான்யா ஆவடிக்கு வர்றாரு."